ஏரிக்கரையில் ஒரு கோடை: ஆர்வியில் வாழ்பவர்கள் கேம்ப் ஹோஸ்ட் ஆவதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் ஆர்வி எனும் வீட்டு வண்டியிலேயே வாழ்பவர்களுக்குக் கோடைக்காலம்தான் சிக்கலான பருவம். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் மெமோரியல் டே தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே வரை, வட மாநில ஏரிகளை ஒட்டிய கேம்ப்கிரவுண்டுகள் எனும் முகாம் திடல்களில் வார இறுதிக்கு இடம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் தொடர்ந்து தங்க விடமாட்டார்கள். எடுத்துக்காட்டாக, ராணுவப் பொறியாளர் படையின் ஏரிகளில் எந்த 30 நாள் காலத்திலும் 14 நாட்களுக்கு மேல் முகாமிடக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. முகாமைக் கவனித்து அங்கே தங்குவோருக்கு உதவும் தன்னார்வ கேம்ப் ஹோஸ்டாகச் சேர்பவர்களுக்கு இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை. மின்சாரம், தண்ணீர், பெரும்பாலும் கழிவுநீர் இணைப்பும் உள்ள ஓர் இடம் கோடை முழுவதும் அவர்களுக்கென ஒதுக்கப்படுகிறது; அதற்கு ஈடாக வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்கிறார்கள்.

இதில் சம்பளம் கிடையாது. உழைப்புக்கு இடம் என்ற பண்டமாற்று இது. அதனால் ஏரி எவ்வளவு அழகு என்பதை இரண்டாவதாக வைத்து, எத்தனை மணி நேரத்துக்கு என்ன தருகிறார்கள் என்பதை முதலில் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களே லேபர் டே வரை மனநிறைவோடு இருக்கிறார்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதல் படி: ஏரி யாருடையது என்று அறிந்துகொள்ளுதல்

ஒரே ஏரியின் இரு கரைகளில் இரண்டு நிர்வாகங்கள் இருக்கலாம். ஹோஸ்டின் நிலையும் நிர்வாகத்துக்கு ஏற்ப மாறும். அணைகட்டி உருவாக்கிய ஏரிகளில் கணிசமானவை ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் உள்ளன. 43 மாநிலங்களில் 400-க்கும் மேற்பட்ட ஏரி, ஆற்றுத் திட்டங்களை அது நிர்வகிக்கிறது. ஆர்வி வட்டாரத்தில் 'கோர்' என்றால் இதுதான். வனத்துறை, தேசியப் பூங்காத் துறை, மேற்கு மாநில நீர்த்தேக்கங்களைக் கவனிக்கும் ரெக்லமேஷன் துறை ஆகியவையும் ஹோஸ்ட்களைச் சேர்க்கின்றன. மாநிலப் பூங்காக்கள் தனி உலகம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி, தனி விண்ணப்பம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வனத்துறையின் பல கேம்ப்கிரவுண்டுகளைத் தனியார் நிறுவனங்கள் உரிமம் பெற்று நடத்துகின்றன. அவற்றில் ஹோஸ்ட் என்று அழைக்கப்படுபவர் சம்பளம் பெறும் ஊழியர். கோர் ஏரிகளில் நுழைவாயிலில் பணம் வாங்கும் கேட் அட்டெண்டன்ட் பெரும்பாலும் ஏலத்தில் தொகை குறிப்பிட்டு எடுத்த ஒப்பந்ததாரர். உள்ளே சுற்றிவரும் ஹோஸ்ட்தான் தன்னார்வலர். அறிவிப்பைப் படிக்கும்போது இந்த மூன்றில் எது என்று தெளிவாகாவிட்டால், அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுவிடுவது நல்லது.

இந்தக் கட்டுரைக்கு மினசோட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். மிசிசிப்பி ஆற்றின் தலைப்பகுதியில் வின்னிபிகோஷிஷ், லீச், பொகேகமா, சாண்டி, பைன் ரிவர், கல் லேக் என ஆறு அணைகளைக் கோர் கட்டியது. 1880-களில் தொடங்கிய பணி அது. கீழே ஆற்றில் படகுப் போக்குவரத்துக்குப் போதிய நீர் இருக்க வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். இன்று அந்த அணைகளை ஒட்டிக் கேம்ப்கிரவுண்டுகள் உள்ளன. பிரெய்னர்ட் ஊருக்கு அருகே உள்ள கல் லேக் முகாம் பகுதியில் பழங்குடியினரின் ஈமத் திட்டுகள் இருக்கின்றன. அத்தகைய இடத்தில் ஹோஸ்டாக இருப்பவருக்கு, சைக்கிளோடு திட்டின் மேல் ஏறும் சிறுவர்களைப் பக்குவமாக இறக்கிவிடுவதும் வேலையில் அடக்கம்.

இரண்டாம் படி: தகுதி

ஆர்வி ஓட்டத் தெரிவதைவிட முக்கியமான தகுதி ஒன்று நம்மவர்களில் பலருக்கு உண்டு, அல்லது இல்லை. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் பொதுவாகத் தடை இருக்காது. வேலை விசாவில் இருப்பவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வருகையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோரும் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கையில் காசு வராவிட்டாலும், இலவச இடம் என்பது உழைப்புக்கான ஈடாகக் கருதப்படக் கூடும். குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடுவது துணிச்சலில் சேராது.

மற்றபடி உடல்நலம் தேவை. வெயிலில் குனிந்து நிமிர முடிய வேண்டும். பணம் கையாளும் இடங்களில் பின்னணிச் சரிபார்ப்பும் நடக்கும்.

மூன்றாம் படி: மணிக்கணக்கு

பெரும்பாலான இடங்கள் வாரத்துக்கு 20 முதல் 30 மணி நேரம் வரை கேட்கின்றன. இந்த எண் ஒருவருக்கா, தம்பதி இருவருக்கும் சேர்த்தா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள தனியார் பார்க்கில் அதே வசதியுள்ள இடத்துக்கு மாதம் 800 டாலர் வாடகை என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தலா 24 மணி நேரம் வேலை செய்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 206 மணி நேரம் ஆகிறது. உழைப்பின் மதிப்பு மணிக்கு 4 டாலருக்கும் கீழே போய்விடுகிறது. இருவருக்கும் சேர்த்து 20 மணி நேரம் என்றால் அதே வாடகை மணிக்கு 9 டாலருக்குச் சற்று மேல். கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் 7.25 டாலராக இருப்பதை நினைவில் வைத்தால், எந்த ஒப்பந்தம் நியாயமானது என்பது விளங்கும்.

ஏரியின் அழகுக்கும் அமைதிக்கும் விலை போட முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் சனிக்கிழமை மதியம் கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருப்பவருக்கு அந்த அழகு கண்ணில் படுவதில்லை. தலா 24 மணி நேரத்துக்கு மேல் கேட்கும் இடங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. மின்கட்டணத்துக்கு வரம்பு உண்டா, புரொபேன் வாயு தருவார்களா, துணி துவைக்க இயந்திரம் உண்டா என்பவையும் இதே கணக்கில் சேர வேண்டியவை.

நான்காம் படி: விண்ணப்பமும் தொலைபேசி உரையாடலும்

கூட்டாட்சித் துறைகளின் இடங்கள் வாலன்டியர்.கவ் தளத்தில் வெளிவருகின்றன. மாநிலப் பூங்காக்கள் தங்கள் சொந்தத் தளங்களில் அறிவிக்கின்றன. அடுத்த கோடைக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே தேடத் தொடங்க வேண்டும். ஏரியை நேரே பார்க்கும் இடங்கள், பழைய ஹோஸ்ட்கள் திரும்பி வருவதால், அறிவிப்புக்கே வராமல் நிரம்பிவிடுவதும் உண்டு. இணைய விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, அந்த ஏரியின் திட்ட அலுவலகத்தை அழைத்து, தன்னார்வலர்களைக் கவனிக்கும் ரேஞ்சர் எனும் பூங்கா அலுவலரிடம் பேசுவது விரைவில் பலன் தரும். ஏப்ரலில் அழைப்பதும் வீண் அல்ல. உடல்நிலை காரணமாகக் கடைசி நேரத்தில் விலகுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள்.

விண்ணப்பத்தில் வண்டியின் மொத்த நீளம், பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன, மின் இணைப்பு 30 ஆம்பா 50 ஆம்பா, வளர்ப்பு நாய் உண்டா என்பவற்றை உள்ளபடியே எழுத வேண்டும். இரண்டடி குறைத்துச் சொன்ன நீளம், மே மாதத்தில் ஒரு மரத்தடியில் வந்து நிற்கும்.

அவர்கள் நம்மை நேர்காணல் செய்யும் அதே அழைப்பில் நாமும் அவர்களை நேர்காணல் செய்ய வேண்டும். கழிப்பறை சுத்தம் செய்வது யார் பொறுப்பு? ஒதுக்கப்பட்ட விடுப்பு நாட்கள் எவை, அந்த நாட்களில் கேம்ப்கிரவுண்டை விட்டு வெளியே போகலாமா? இரவில் கதவைத் தட்டுபவர்களுக்கு எழுந்து பதில் சொல்ல வேண்டுமா, அந்த நேரம் கணக்கில் சேருமா? மற்றொரு ஹோஸ்ட் இருக்கிறாரா? செல்பேசி அலை அந்த இடத்திலேயே எடுக்கிறதா, அலுவலக வாசலில் மட்டுமா? ஹோஸ்ட் இடத்தின் புகைப்படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. சென்ற ஆண்டு இருந்த ஹோஸ்ட் ஏன் திரும்பி வரவில்லை என்ற கேள்வியைக் கடைசியாகக் கேளுங்கள். மறுமுனையில் விழும் மௌனத்தின் நீளம் பல செய்திகளைச் சொல்லும்.

ஐந்தாம் படி: எழுத்தில் பெறுதல்

கூட்டாட்சித் துறைகளில் தன்னார்வலர் ஒப்பந்தத்துக்கு ஓஎஃப்-301ஏ என்ற பொதுப் படிவம் உண்டு. அதில் வேலை விவரம் என்ற பகுதி வெறும் சடங்கு அன்று. கையெழுத்திட்ட தன்னார்வலர் அந்த விவரத்துக்கு உட்பட்ட வேலையில் காயமடைந்தால், கூட்டாட்சி ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கிறது. பணியின்போது பிறருக்குச் சேதம் விளைந்தால் அரசு பொறுப்பேற்கும் ஏற்பாடும் உண்டு. விவரத்தில் இல்லாத வேலையை, உதவும் எண்ணத்தில் செய்யப்போய் அடிபட்டால் நிலைமை சிக்கலாகும். சங்கிலி ரம்பத்தால் மரம் அறுப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குத் தனிப் பயிற்சியும் சான்றும் வேண்டும், விழுந்த மரம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. தொலைபேசியில் பேசிய மணி நேரம், விடுப்பு நாள், தொடக்கமும் முடிவும், இரு தரப்பும் விலகுவதற்கான முன்னறிவிப்பு ஆகியவற்றையும் ஒரு மின்னஞ்சலிலாவது பதிவு செய்துகொள்ள வேண்டும். பேசிய ரேஞ்சர் ஜூனில் வேறு ஏரிக்கு மாற்றலாகிப் போகலாம்.

ஆறாம் படி: வண்டியையும் வாழ்வையும் தயார் செய்தல்

ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த வண்டியை நான்கு மாதம் ஒரே இடத்தில் நிறுத்துவது வேறு வகை வாழ்க்கை. முதலில் மின்சாரம். 30 ஆம்ப் இணைப்பு என்பது 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். குளிர்சாதனம் ஓடும்போது 13 முதல் 15 ஆம்ப் வரை எடுத்துக்கொள்ளும். மின்சார வெந்நீர்க் கலன் 12 ஆம்ப். இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15. மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். ஆகவே ஜூலை மதியத்தில் சமைப்பவர்கள் வெந்நீரைப் புரொபேனுக்கு மாற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். கிரைண்டரைக் காலைக் குளிர்ச்சியிலேயே ஓட்டிவிடுவது உத்தமம். 50 ஆம்ப் இணைப்பு 12,000 வாட் வரை தாங்கும் என்பதால் இந்தக் கவலை இல்லை. எந்த இணைப்பானாலும் திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் சொருகக் கூடாது. இடியும் மின்னலும் கோடையின் அன்றாடக் காட்சிகள்.

தண்ணீர்க் குழாயில் அழுத்தச் சீராக்கி ஒன்றைப் பொருத்துவது அவசியம். கழிவுநீர் இணைப்பு இருக்கிறதே என்று கழிப்பறைக் கழிவுத் தொட்டியான பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைப்பவர்கள் பலர். திரவம் ஓடிவிடும், திடப்பொருள் தங்கி மேடாக இறுகும். ஆகஸ்டில் அதை உடைக்கும் வேலையை யாருக்கும் வேண்டுமென்று சொல்லமாட்டேன். மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறந்துவிட்டு, அதன்பின் குளியல், சமையல் நீர் சேரும் கிரே டேங்கைத் திறந்து குழாயைக் கழுவுவதே முறை.

செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் வைத்திருப்பவர்கள் ஹோஸ்ட் இடத்தின் மேலே திறந்த வானம் இருக்கிறதா என்று முன்பே கேட்க வேண்டும். நிழலும் இணையமும் வடக்கே பைன் மரக்காடுகளில் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

மருத்துவக் காப்பீடு இதைவிடப் பெரிய செய்தி. முழுநேர ஆர்வியர் பலர் மாநில வருமான வரி இல்லாத டெக்சஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா ஆகியவற்றில் ஒன்றைச் சட்டப்படியான இருப்பிடமாக வைத்திருக்கிறார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மூல மெடிகேர் வைத்திருப்பவர்கள், அதை ஏற்கும் மருத்துவரிடம் எந்த மாநிலத்திலும் போகலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களும் அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் காப்பீடுகளும் பெரும்பாலும் வட்டார மருத்துவர் வலையமைப்புக்கு உட்பட்டவை. அவசரச் சிகிச்சைக்கு எங்கும் செல்லும், ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் பார்க்கும் மருத்துவருக்கு வெளி மாநிலத்தில் செல்லாமல் போகலாம். நான்கு மாத மருந்துக்கான ஏற்பாட்டை வசந்தத்திலேயே முடித்துவிடுங்கள். ஆர்விக்கும் முழுநேர வசிப்புக்கான காப்பீடு தனியாக உண்டு. விடுமுறைப் பயன்பாட்டுக்கான சாதாரண பாலிசி போதாது.

ஏழாம் படி: முதல் வாரம்

மெமோரியல் டே கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே போய்ச் சேர்வது நல்லது. அலுவலக வானொலியில் பேசும் முறை, அரசு வண்டி ஓட்டுவதற்கான பயிற்சி, அவசர எண்கள், ஒவ்வொரு இடத்தின் எண்ணும் வளைவும் என்று கற்றுக்கொள்ள நிறைய உண்டு. அருகில் உள்ள மருத்துவமனைக்கு ஒருமுறை நேரே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் வழி கேட்பவர் பதற்றத்தில் இருப்பார்.

எட்டாம் படி: அன்றாட வேலை

பேச்சில் யாரும் சொல்லாத வேலை தீ வளையம் சுத்தம் செய்வது. வெளியேறும் குழு ஒவ்வொன்றும் இரும்பு வளையத்துக்குள் சாம்பலை விட்டுச் செல்லும். அதற்குள் உருகிச் சுருண்ட அலுமினிய டப்பா, உடைந்த பீர் பாட்டில், பழைய மரப்பலகை எரிந்து மிஞ்சிய ஆணிகள், பாதி கருகிய மார்ஷ்மெல்லோ குச்சி எல்லாம் கிடக்கும். சாம்பல் மேலே வெளுத்து ஆறியதுபோல் தெரிந்தாலும், மண்வெட்டியால் கிளறினால் அடியில் கங்கு சிவந்திருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதியான பிறகே அள்ள வேண்டும். அள்ளியதை மூடியுள்ள உலோக வாளியில் மட்டுமே போட வேண்டும். பிளாஸ்டிக் வாளியும் வண்டியின் பின்தட்டும் ஒன்றாகத் தீப்பிடித்த கதைகள் ஹோஸ்ட்கள் நடுவே ஏராளம். முழங்கால் தாங்கும் மெத்தையும் தடித்த தோல் கையுறையும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது அந்தச் செலவுக்குத் தகும்.

வெள்ளிக்கிழமை மாலை வேறு வகை. நீண்ட டிரெய்லரைப் பின்னோக்கி இடத்துக்குள் செலுத்தத் தெரியாத குடும்பங்கள் வரிசையாக வரும். உதவி கேட்டால் மட்டுமே கைகாட்ட வேண்டும். ஓட்டுநரின் பக்கவாட்டுக் கண்ணாடி நமக்குத் தெரியும்படி நிற்க வேண்டும், கண்ணாடி நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நாம் தெரியமாட்டோம். கணவனுக்கு ஒரு கையசைப்பும் மனைவிக்கு ஒரு கையசைப்பும் நடக்கும்போது மூன்றாவது கையாக நுழையாமல் இருப்பதே அறிவுடைமை.

விறகு பற்றிய கேள்வி நாள்தோறும் வரும். ஆஷ் என்ற வகை மரங்களைக் கொல்லும் பச்சைத் துளைப்பான் வண்டு 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்டது, 2009-இல் மினசோட்டாவுக்கும் வந்துவிட்டது. அது தொலைவுக்குப் பயணிப்பதே மனிதர் கொண்டுசெல்லும் விறகில்தான். எரிக்கும் ஊரிலேயே விறகு வாங்கச் சொல்வதற்கான காரணத்தை இரண்டு வாக்கியத்தில் விளக்கினால் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்கிறார்கள். படகுகளும் அப்படியே. 1988-இல் பேரேரிப் பகுதியில் காணப்பட்ட அந்நிய இனமான வரிச்சிப்பி, படகின் அடித்தண்ணீரில் ஏரிக்கு ஏரி தாவுகிறது. மினசோட்டாவில் படகை சாலையில் இழுத்துச் செல்லும்போது வடிகால் அடைப்பானைக் கழற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒன்பதாம் படி: அதிகாரம் இல்லாத சீருடை

ஹோஸ்டின் மேலங்கியில் துறையின் சின்னம் இருக்கும்; தண்டிக்கும் அதிகாரம் இருக்காது. கோர் ஏரிகளில் அபராதச் சீட்டு எழுதுவது ரேஞ்சரின் வேலை, சண்டையை விலக்குவது வட்டாரக் காவல் அதிகாரியான ஷெரிஃபின் வேலை. ஹோஸ்டின் வேலை பார்ப்பது, ஒருமுறை கனிவாகச் சொல்வது, கேட்காவிட்டால் இடத்தின் எண்ணையும் நேரத்தையும் குறித்து அலுவலகத்துக்குத் தெரிவிப்பது. இந்த எல்லையைத் தாண்டியவர்களே கோடையின் நடுவில் மனம் வெறுத்துக் கிளம்புகிறார்கள்.

அமைதி நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. ஜூன் இறுதியில் மினசோட்டாவின் வடக்கே சூரியன் 9 மணிக்குப் பிறகே மறைவதால், பத்து மணிக்குக் குழந்தைகளுக்கு உறக்கமே வந்திருக்காது. 10.05-க்குக் கதவைத் தட்டுபவரைவிட, 9.30-க்குச் சாதாரணமாக நடந்துபோய் நாலு வார்த்தை பேசிவிட்டு வருபவருக்கே அந்த இரவு அமைதியாகக் கழிகிறது. நாயை ஆறடிக்கு உட்பட்ட கயிற்றில் கட்ட வேண்டும் என்ற விதியையும் இதே நடையில் சொல்லிவிடலாம். ஜூலை 4 அன்று பட்டாசு வெடிப்பவர்களிடம் மட்டும் தனியாகப் போகாதீர்கள். மதுவும் இருட்டும் கூட்டமும் சேர்ந்த இடம் அது.

பத்தாம் படி: வானிலையும் நீரும் பூச்சிகளும்

ஆர்வி சூறாவளிக்குத் தாங்காது. கேம்ப்கிரவுண்டில் வலுவான கட்டடம் பெரும்பாலும் கான்கிரீட் கட்டைகளால் ஆன குளியலறைதான்; எச்சரிக்கை வந்ததும் மக்களை அங்கே அனுப்ப வேண்டியவர் ஹோஸ்ட். பேட்டரியில் இயங்கும் வானிலை வானொலி ஒன்றைப் படுக்கையருகே வையுங்கள். வண்டியை விட்டு நகரும்போதெல்லாம் வண்டியின் பக்கவாட்டில் விரியும் நிழல் துணியான ஆனிங்கைச் சுருட்டிவிடுங்கள், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும்.

கோர் ஏரிகளின் நீச்சல் கரைகளில் பலவற்றில் இரவலாக எடுத்துக்கொள்ளும் உயிர்காப்பு மேலங்கிப் பலகை உண்டு. குழந்தை அளவுகள் தீராமல் பார்த்துக்கொள்வது சிறிய வேலை, விளைவு பெரியது. ஆகஸ்டில் ஏரி பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் மாறினால் அது நச்சு நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அந்த நீரைக் குடித்த நாய்கள் இறந்திருக்கின்றன என்பதால் உடனே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இந்தக் காடுகளில் உண்டு. நாள்தோறும் இரவில் முழங்காலின் பின்புறம், இடுப்பு, தலைமுடியோரம் எல்லாம் பார்த்துவிட்டே படுக்க வேண்டும். மூன்று மூன்றாக இலைவிடும் பாய்சன் ஐவியை வெறுங்கையால் பிடுங்காதீர்கள். அதை எரிப்பது இன்னும் கேடு, புகையும் நுரையீரலைத் தாக்கும்.

பதினோராம் படி: கணக்கு முடித்துக் கிளம்புதல்

வேலை செய்த மணி நேரத்தை வாரந்தோறும் எழுதி ரேஞ்சரிடம் கையொப்பம் பெற்று வாருங்கள். பங்கேற்கும் கூட்டாட்சித் துறைகளில் 250 மணி நேரம் சேர்ந்தால், தேசியப் பூங்காக்கள் உள்ளிட்ட இடங்களுக்குக் கட்டணமின்றி நுழையும் தன்னார்வலர் ஆண்டு அட்டை கிடைக்கிறது. வேறு வேறு துறைகளில் செய்த மணி நேரத்தையும் கூட்டிக்கொள்ளலாம். வரிப் படிவத்தில் உழைப்பின் மதிப்பைக் கழிக்க இயலாது. அரசுப் பொதுப்பணிக்காகத் தன்னார்வலர் ஓட்டிய மைலுக்கு 14 சென்ட் வீதம், கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுபவர்கள் கோரலாம். ஆனால் ஏரிக்குப் போன பயணமே பெரும்பகுதி உல்லாசம் என்றால் அது எடுபடாது.

வடக்கே செப்டம்பர் கடைசியில் இரவு வெப்பநிலை உறைநிலையைத் தொடும். வெளிக்குழாய் உறைவதற்கு முன் கிளம்பும்படி ஒப்பந்தத் தேதி இருக்க வேண்டும். குளிரில் சிக்கினால் குழாய்களில் இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீரைச் செலுத்தித்தான் தீர வேண்டும். அடுத்த கோடைக்கு அதே இடம் வேண்டுமென்றால், லேபர் டே முடிந்த வாரத்திலேயே ரேஞ்சரிடம் சொல்லி, மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். மரத்தடியில் ஏரி தெரியும் ஹோஸ்ட் இடத்துக்கு, பக்கத்து முகாமின் ஹோஸ்ட் ஏற்கெனவே பெயர் கொடுத்திருப்பார்.